கீழே வலப்பக்கம்

ஜனவரி 8, புதன்

இன்று குடிதண்ணீர் விடும் நாள் என்பதை மறந்து பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் குழாய் நின்றுவிட்டது. கீழ்வீட்டு அக்கா எனக்காக இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தார். அடுத்த முறை விடும்வரை அதை வைத்து ஓட்ட வேண்டும்.

கூட்டத்தில் பிரின்சிபால் புது விஷயம் ஒன்று சொன்னார். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கு மட்டும் கம்ப்யூட்டரில் நடக்குமாம். விடைத்தாள் கிடையாது. கேள்வி திரையில் வரும், அதற்குக் கீழே நான்கு கட்டங்களில் நான்கு விடை வரும், சரியானதை மவுஸால் அழுத்த வேண்டும். போட்டுப் பார்ப்பதற்கு வெள்ளைத் தாள் தருவார்கள், கடைசியில் அதையும் வாங்கிக் கிழித்துவிடுவார்கள். நாளைக்கு எந்த நுழைவுத் தேர்வுக்குப் போனாலும் இப்படித்தானே, இப்போதே பழகட்டும் என்றார். அப்பாக்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

வழிமுறைக்கு மார்க் உண்டா என்று ஒரு அம்மா எழுந்து கேட்டார். அந்த அம்மா நான்தான். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

“கம்ப்யூட்டருக்கு எரக்கமெல்லாம் தெரியாதுங்கம்மா” என்றார் பிரின்சிபால். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மகள் கனிஷ்கா இதுவரை கணக்கில் தேறி வந்ததே வழிமுறை மார்க்கில்தான். விடை தப்பாக இருக்கும். ஆனால் படம் போட்டிருக்கிறாள், சூத்திரம் எழுதியிருக்கிறாள் என்று அமுதவல்லி மிஸ் ஒன்றும் அரையுமாகப் பொறுக்கிச் சேர்த்துக் கரையேற்றிவிடுவார். இனி பொறுக்க ஒன்றும் இருக்காது.

கூட்டம் முடியும்போது பிரின்சிபால் இன்னொன்றும் சொன்னார். முப்பத்தைந்துக்குக் கீழே போகும் பிள்ளைகளுக்கு ஏற்ற இடத்தைப் பெற்றோர்களே பார்த்துக்கொள்வது நல்லது என்றார். திருச்செங்கோட்டில் இதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் இல்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்பதைத்தான் இப்படிச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று வருடா வருடம் பேனர் கட்டுகிறார்கள். அந்த நூறு எப்படி வருகிறது என்பதைப் பேனரில் எழுதுவதில்லை.

எல்.கே.ஜி.யிலிருந்து அதே பள்ளி. அதே பெஞ்சு, பக்கத்தில் அதே மிருதுளா. கனிக்கு வேறு தோழி கிடையாது.

ஜனவரி 9, வியாழன்

கனியின் அப்பா போன் செய்தார். ரிக் வண்டி இப்போது சத்தீஸ்கரில் நிற்கிறது. பின்னால் கம்ப்ரசர் இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. போர் போடுகிற வண்டியோடு போனால் மாதக்கணக்கில் இப்படித்தான். கம்ப்யூட்டர் பரீட்சை என்று சொன்னதும் அவருக்கு ஏகப் பெருமை.

“என்ற பொண்ணு கம்ப்யூட்டர்ல பரிட்ச எழுதறான்னு இங்க பசங்ககிட்டச் சொல்லிப்போட்டேன் சசி.”

டி.சி. விஷயத்தை நான் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்கு நாத்தனார் வீட்டில் மூன்று நாள். திரும்பும் நாளில் கனி பஸ் நம்பரைத் திருப்பிப் படித்து வேறு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் ஓடிப்போய் இறக்கினேன். கூட்டத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டார்.

“பி.எஸ்சி. படிச்ச மருமக வேணும்னு எங்கம்மா ஊரெல்லாம் தேடுனாங்க. பேத்திக்குப் பன்னெண்டும் இருவத்தொண்ணும் ஒண்ணாத் தெரியுது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையில் பலகாரப் பையையும் கொடுத்தார். முறுக்கு நன்றாக இருந்தது என்று கனி சொன்னாள். நான் தொடவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். கனி நாற்பத்தாறு.

நம்ப முடியவில்லை. குருட்டாம்போக்கில் அழுத்தினாளோ என்று நினைத்தேன். எப்படிப் போட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து ஒரு கணக்கைக் காட்டினேன். வட்டத்தின் ஆரம் பத்து, மையத்திலிருந்து ஆறு தள்ளி ஒரு நாண், நாணின் நீளம் என்ன. கனி காம்பஸை எடுத்தாள். இவ்வளவு பெரிய வட்டம் தாளுக்குள் நிற்காது என்று எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொண்டாள். வட்டம் போட்டாள், மையத்திலிருந்து அளந்து கோடு இழுத்தாள், அந்தக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தாள்.

“எட்டு வருது. ரெண்டு மடங்கு பதினாறும்மா.”

பதினாறு என்று வாயில் சொல்லிவிட்டுத் தாளில் 61 என்று எழுதினாள். நான் பார்ப்பதைப் பார்த்து அடித்துத் திருத்தினாள். அவசரம்.

பித்தாகரஸ் தேற்றம் எங்கே என்று கேட்டேன். விழித்தாள். கெமிஸ்ட்ரி படித்த எனக்கே இரண்டு வரியில் முடியும் கணக்கு. இது கணக்குப் போடுவதில்லை, தையல்காரர் துணி அளப்பது மாதிரி என்று சொன்னேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உண்மை அதுதானே. அதோடு ஒவ்வொன்றையும் வரைந்து அளந்துகொண்டிருந்ததில் பாதிக் கேள்விகளுக்கு மேல் தொடவே நேரமில்லையாம். இந்த நாற்பத்தாறை நம்பி எப்படி இருப்பது. கனி வகுப்பில் படிக்கும் தர்ஷனுக்குத் தொண்ணூற்றேழு. அவன் அம்மா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்.

மாலையில் அமுதவல்லி மிஸ் போன் செய்தார். சந்தோஷமாகப் பேசினார். கம்ப்யூட்டர் வழிமுறை கேட்பதில்லை, விடை மட்டும் கேட்கிறது, அது கனிஷ்காவுக்கு நல்லதாகப் போயிற்று என்றார். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு பழையபடி பேப்பரில்தான். வடிவியல் வரைதலும் கிராஃபும் இவள் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள், இந்த ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“தப்பா நெனச்சுக்காதீங்க கனிஷ்காம்மா. சேலத்துல ஒரு டாக்டர் இருக்கறாங்க. நம்பர் மாறி மாறித் தெரியற புள்ளைங்களுக்கு டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்தா, பரிட்சைல கூட நேரம் தருவாங்க.”

டவர் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு மிஸ் இதையேதான் சொன்னார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கனிக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். நானும் சின்ன வயதில் மெதுவு என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

பயிற்சி செய்வதற்குப் பள்ளியில் ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். போனிலேயே வருகிறது. கேள்விகள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே சின்னதாய் ஒரு படம். ஏணி, தண்ணீர்த் தொட்டி, பட்டம், வட்ட மைதானம். எத்தனை முறை திறந்தாலும் அதே கேள்வி, அதே விடை, அதே கட்டம்.

பாத்திரம் கழுவிக்கொண்டே கனியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். விடையாக வரும் எண்ணைக் கேட்டால் வரவில்லை. நேற்றுப் படித்தது இன்று அவளுக்குப் புதிது. எரிச்சலில், அந்தத் தண்ணீர்த் தொட்டிக் கணக்குக்கு விடை என்னதான் என்று கத்தினேன்.

“நம்பர் தெரியல. ஆனா அது கீழ வலப்பக்கம் இருக்கும்மா.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். கீழே வலப்பக்கக் கட்டம்தான். ஏணி எங்கே என்றேன். மேலே வலது என்றாள். பட்டம், மேலே இடது. சரி, சரி, எல்லாம் சரி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவளுக்கா ஞாபகம் இல்லை? பிரிட்ஜில் எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் இருக்கிறது, பீரோவில் எந்தப் புடவைக்கு அடியில் எந்தப் புடவை, எல்லாம் இவளைத்தான் கேட்பேன். எண் நிற்காவிட்டால் போகட்டும். இடம் நிற்கிறதே. இத்தனை வருடம் இதை ஒரு டீச்சரும் கண்டுபிடிக்கவில்லை. பெற்றவள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் தோசை வார்க்கும்போது பத்து, பள்ளியிலிருந்து வண்டியில் வரும்போது பத்து, துணி மடிக்கும்போது பத்து. நான் படத்தைச் சொல்வேன், அவள் இடத்தைச் சொல்ல வேண்டும். விளையாட்டு மாதிரிதான் இருக்கிறது. முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இன்று கேட்டாள், நான் வரைந்தே பார்த்துக்கொள்கிறேனே என்று. அதற்கு நேரம் கிடைக்காது, பாதிக் கேள்வி விட்டுப்போகும், மறந்துவிட்டாயா என்றேன். நான் கத்தவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான். பார்த்தால் மறுபடி அதில் கை போகும் என்று ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து பீரோவுக்குமேல் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

கேஸ் வந்தது. பழைய சிலிண்டர் இவ்வளவு நாள் ஓடியதே ஆச்சரியம்.

ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு சரியாகச் சொன்னாள்.

மார்ச் 3, திங்கள்

நூற்றுக்கு நூறு!

ஆப்பில் பச்சை நிறத்தில் பெரிதாக வந்தது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். நாத்தனாருக்கும் அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு கட்டை விரல் மட்டும் வந்தது. போதும்.

கனிக்கு அல்வா வாங்கி வந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை டப்பாவில் மூடிவைத்தாள்.

மார்ச் 7, வெள்ளி

கனி தூங்கிய பிறகுதான் எழுத உட்கார முடிகிறது. இப்போது தூக்கத்தில் ஏதோ முனகினாள். பக்கத்தில் போய்க் கேட்டேன். “கீழ எடது, கீழ எடது” என்கிறாள். நன்றாகப் பதிந்துவிட்டது.

நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிகிறது. வேப்பெண்ணெய் தடவ வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

அமுதவல்லி மிஸ் மறுபடி போன். வகுப்பில் போர்டில் ஒரு கணக்கு எழுதி, கனிஷ்காவைக் கூப்பிட்டாராம். இவள் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். போன மாதம்வரை வரைந்து பார்த்தாவது சொல்லிக்கொண்டிருந்த பெண், இப்போது சாக்பீஸைக் கொடுத்தால் வாங்குவதில்லை, மிஸ்ஸின் முகத்தையே பார்க்கிறாள் என்றார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

பரீட்சை பயம் என்றேன். வீட்டில் என்ன பிரச்சினை, நாங்கள் இருப்பதே இரண்டு பேர்.

கனியிடம் கேட்டேன். போர்டில் கட்டம் இல்லையே அம்மா என்றாள்.

மார்ச் 22, சனி

தர்ஷன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே, உண்மைத் தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது, எதற்கும் எல்லா மாதிரியும் போட்டுப் பழக்குங்கள் என்றார். அவருக்கென்ன. தர்ஷனுக்கு எதைக் கொடுத்தாலும் போடுவான். அடுத்தவரைக் கலக்கிவிடுவதில் சிலருக்கு ஒரு சந்தோஷம்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வி எந்தக் காலத்தில் மாறியிருக்கிறது? நான் பத்தாவது படித்தபோது ஒரு மார்க் கேள்விக்குப் புத்தகத்தில் ‘இ’ என்றால் பரீட்சையிலும் ‘இ’தான். கேள்வியைப் படிக்காமலே ‘இ’ என்று எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறோம். எங்கள் வகுப்பே அப்படித்தான். பள்ளிக்கூடத்தார் அவர்களே ஒரு ஆப் கொடுத்துவிட்டு வேறு எங்கிருந்து கேட்கப்போகிறார்கள்.

மாற்றினாலும் இரண்டு மூன்றை மாற்றுவார்கள். அதனால் ஒன்றும் ஆகாது.

ஏப்ரல் 5, சனி

அவரிடம் பேசினேன். போர்க் குழிக்குள் ராடு மாட்டிக்கொண்டதாம், இரண்டு நாளாக வேலை நிற்கிறதாம். கனியிடம் கொடுத்தேன். அம்மிணி, பரிட்சைக்கு ரெடியா என்று கேட்டிருப்பார் போல. இவள் “ம்” என்றாள். திரும்ப “ம்” என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பாப்பா ஏன் பேச மாட்டேங்குது என்றார். படிக்கிற மும்முரம் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

பரீட்சை.

காலையில் கோயிலுக்குப் போக நேரமில்லை. வண்டியில் போகும்போதே மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள் என்றேன். ஜியாமெட்ரி பாக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எதற்கு, கை அதிலேயே போகும், பேனா போதும் என்றேன். இறங்கும்போது நெற்றியில் விபூதி கலைந்திருந்தது, சரிசெய்துவிட்டேன். பார்த்தவுடனே இடம் தெரியும், யோசிக்காதே, யோசித்தால் குழம்பும் என்று சொல்லி அனுப்பினேன்.

கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். முதலில் வெளியே வந்தவள் கனி. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால். தர்ஷனுக்கும் முன்னால்!

“எல்லாத்தையும் அழுத்தீட்டேம்மா. ஒண்ணுகூட உடல.”

கட்டிப்பிடித்துக்கொண்டேன். வண்டியை எடுக்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

“படமெல்லாம் அதேதாம்மா. உள்ள இருக்கற நம்பர்தான் வேற மாதிரி இருந்துச்சு. எடம் அதேதான?”

பிரேக் பிடித்து நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த வேன்காரர் திட்டிக்கொண்டு போனார். அதேதான் கண்ணு என்றேன். வேறு என்ன சொல்வது.

மாலையில் தர்ஷனைக் கடையில் பார்த்து, பேச்சுவாக்கில் கேட்டேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எண்கள் வேறு, விடையின் இடமும் வேறாம். காப்பி அடிக்க முடியாதபடி அதுவே கலைத்துப் போடுகிறதாம். “செம ஐடியா ஆன்ட்டி” என்றான்.

ஏப்ரல் 10, வியாழன்

புளி வாங்கிக் கொட்டை எடுத்தேன். நாள் முழுக்க அதே வேலை. ஒரு வருடத்துக்குக் காணும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. மா, பலா, வாழை வாங்கித் தட்டில் வைத்தேன். மிருதுளா வந்திருந்தாள். பத்தாவதிலும் ஒரே செக்‌ஷன் போடச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பச்சடியில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 16, புதன்

அமுதவல்லி மிஸ் வரச் சொன்னார். பிரின்சிபால் அறைக்கு இல்லை, கம்ப்யூட்டர் லேபுக்கு. அங்கே வேறு யாரும் இல்லை, எல்லா நாற்காலிகளும் கவிழ்த்து வைத்திருந்தன. எங்களுக்காக மூன்றை நிமிர்த்திப் போட்டார்.

பதினெட்டு என்றார்.

கனி மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். நூறுதானே வர வேண்டும் என்பது போல என்னை ஒரு முறை பார்த்தாள்.

தேர்வறையில் மேற்பார்வைக்கு நின்றது தான்தான் என்று மிஸ் சொன்னார். கனிஷ்காவின் வெள்ளைத் தாளில் ஒரு கோடுகூட இல்லை. கேள்வி வருவதற்குள் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஜனவரியில் நாற்பத்தாறு எடுத்த பெண் இப்படிச் செய்ய மாட்டாள். எனக்கு ஒரு சந்தேகம் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“யாராச்சும் அந்த ஆப்பப் பாத்து, பதில் இருக்கற எடத்த மனப்பாடம் பண்ண வெச்சாங்களாங்க? அப்படீன்னா சொல்லீருங்க. அதுல எடம் மாறாம வெச்சது எங்க தப்பு. அதச் சொல்லி நான் சார்கிட்ட மறுதேர்வு கேக்கறேன். இவளா வரஞ்சு போட்டான்னா பாஸாயிருவா.”

கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை. மூடினேன்.

மிஸ் கனியிடம் குனிந்தார்.

“நீயே சொல்லு கனிஷ்கா. உனக்கு யாராவது இப்பிடிச் சொல்லித் தந்தாங்களா?”

கனி என்னைப் பார்த்தாள். தோசைக்கல்லுக்கு முன்னால் நான் படத்தைச் சொல்லும்போது பார்ப்பாளே, அதே பார்வை. என் முகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி. அப்புறம் மிஸ்ஸிடம் திரும்பினாள்.

“யாரும் சொல்லித் தரல மிஸ். நாந்தான் சரியாப் படிக்கல.”

வெளியே யாரோ மேஜையை இழுக்கும் சத்தம் கேட்டது. மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, ஏதாவது ஞாபகம் வந்தால் ஒரு போன் போடுங்கள், அதற்குப் பிறகு பட்டியல் ஆபீசுக்குப் போய்விடும் என்றார். நான் நன்றி சொன்னேன். கனியும் சொன்னாள்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையிலிருந்து போனைக் கையில் வைத்திருக்கிறேன். மிஸ்ஸுக்கு எழுதினேன், அழித்தேன். சொல்வதென்றால் என்னவென்று சொல்வது? என் மகளுக்கு எண் நிற்காது, அதனால் இடத்தைச் சொல்லிக்கொடுத்தேன் என்றா? அதைச் சொன்னால் அடுத்த வார்த்தை சேலத்து டாக்டர். அந்த டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அந்தக் காகிதம் பள்ளிக்கூடத்தில் இருக்கும். ஒருநாள் பொண்ணு பார்க்க வருகிறவர்கள் வரை அந்தப் பேச்சு போகும். நாத்தனாருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

இது எதுவும் எனக்காக இல்லை.

மதியம் கரண்ட் இல்லை. இருந்த துணியையெல்லாம் கையால் துவைத்தேன். மாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்து, மறுபடியும் போனை எடுத்தேன். வெயில் தாழ்ந்துவிட்டது. கடைசியில் இப்படி அனுப்பினேன்: வணக்கம் மிஸ். வீட்டில் விசாரித்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

பார்த்துவிட்டார் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அவரிடம் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் பரீட்சை புதிது, நிறையப் பேருக்குக் கம்மிதான் என்று சொன்னேன்.

“போச்சாது போ சசி. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல படிச்சவனெல்லாம் கெட்டா போயிட்டான். பாப்பாகிட்டக் குடு.”

கனி பாத்ரூமில் இருக்கிறாள் என்றேன். ஹாலில்தான் இருந்தாள்.

ஏப்ரல் 28, திங்கள்

டி.சி. வாங்கப் போனோம். ஆபீசில் இருந்த பெண் விண்ணப்பத்தை நிரப்பிவைத்திருந்தாள். காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதியிருந்தது. பேனா கொடுத்தாள், கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவர். நாங்கள் யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அமுதவல்லி மிஸ் வராந்தாவில் எதிரே வந்தார். கனியின் தலையில் கை வைத்தார். ஜூன் மாதம் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கும்போது, இவள் எப்படிக் கணக்குப் போடுவாள் என்பதை அங்கே இருக்கும் கணக்கு டீச்சரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார். சரி என்றேன்.

மிருதுளா ஸ்பெஷல் கிளாசுக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்புக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். கனியும் ஆட்டினாள். மிருதுளாவின் பக்கத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே சார் ஏதோ சொல்லியிருப்பார், மிருதுளா திரும்பிக்கொண்டாள். கனி இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறினோம். பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டி, டவுன் பக்கம் திரும்பினோம். ஜூஸ் குடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். புது யூனிபார்ம் எந்தக் கலர் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

“அம்மா, அன்னிக்கு மிஸ் கேட்டப்ப நான் சொன்னது கரெக்ட்டுதான?”

முன்னால் ஒரு ரிக் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“கரெக்ட்டுதான் சாமி” என்றேன்.

“அப்பச் சரி” என்றாள். நன்றாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.